ராயப்பன்பட்டியில் இரண்டு அறைகள்

திருப்பூர்
10.6.2024

அன்புத் தங்கை ராஜாத்திக்கு அக்கா முனீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் மாமாவும் அபிதாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? சிம்ரனுக்கு மதுரை நர்சிங் காலேஜ் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொண்டதா?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் கேட்டால், “நல்லா இருக்கோம்க்கா, குக்கர் விசில் அடிக்குது” என்று வைத்துவிடுகிறாய். பக்கத்தில் வேல்பாண்டி இருப்பார், மனசு விட்டுப் பேச முடியாது. எனக்குப் புரிகிறது. தபால்காரர் பகலில்தான் வருவார். அப்போது உன் புருஷன் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருப்பார். நீ தையல் மிஷின் முன்னால் தனியாக இருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

வீரபாண்டித் திருவிழாவில் நடந்தது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் புருஷன் டாஸ்மாக் கடை வரிசையில் நின்றதை மாமா கண்ணால் பார்த்துவிட்டார். கையைப் பிடித்து இழுத்து வந்து நம் சனம் அத்தனை பேர் முன்னாலும், “இவனைச் சகலைன்னு சொல்லவே நாக்கு கூசுது. சாமி கும்பிட வந்த இடத்துலயும் உனக்கு அது கேக்குதா?” என்றார். வேல்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மறுபேச்சே இல்லை. நான் உன்னைப் பார்த்தேன். நீ பொங்கல் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாய். நன்றாக எரிகிற அடுப்பை எதற்கடி ஊதினாய்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் மெஸ்ஸில் தோசை போடும் பிச்சையம்மாள் கோம்பைக்காரி. அவள் தம்பி குடித்துக் குடித்து வேலையை விட்டு, வீட்டை விட்டு, கடைசியில் ராயப்பன்பட்டியில் நடக்கிற ஒரு கூட்டத்துக்குப் போய் நிறுத்தியிருக்கிறான். குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலில் கூடுகிறார்களாம். பைசா கிடையாது. எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று கேட்பதில்லை. ஊர் பேர் எழுதி வாங்குவதும் இல்லை. உட்கார்ந்து பேசுவார்கள், டீ குடிப்பார்கள், அவ்வளவுதான். தேனிப் பக்கம் வேறு எங்கும் இருந்தாலும் விசாரித்துக்கொள். எப்படியாவது அவரைக் கூட்டிக்கொண்டு போ. நீ சொன்னால் அவர் தட்ட மாட்டார்.

தை மாதம் அபிதாவுக்கு நிச்சயம் வைக்கலாம் என்று பேச்சு நடக்கிறது. அதற்குள் அவர் சரியாகிவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடாமல் இருந்துவிடாதே.

உன் அக்கா
முனீஸ்வரி

*

அல்லிநகரம், தேனி
28.6.2024

அன்புள்ள அக்காவுக்கு ராஜாத்தி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் இருக்கிறோம். சிம்ரன் மூன்று மாதமாக ஊருக்கு வரவில்லை, பரீட்சை என்கிறாள். மாமாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால் வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கச் சொல்லு.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மாமா அவரை அப்படிப் பேசியிருக்க வேண்டாம் அக்கா. அதைத் தவிர அதில் நீ எழுதியிருப்பது எல்லாம் நல்லதற்குத்தான்.

விசாரித்தேன். தேனியிலேயே ஒரு கூட்டம் இருக்கிறது. பெரியகுளத்தில் ஒன்று நடப்பதாகவும் சொன்னார்கள். தேனிக் கூட்டத்துக்கு நம் தெரு ஆட்கள் இரண்டு பேர் போகிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்கு இப்போது தைரியம் இல்லை. ராயப்பன்பட்டியில் நம்மைத் தெரிந்தவர் யாரும் கிடையாது. உத்தமபாளையம் வரைக்கும் அடிக்கடி லோடு போகிற பாதைதான். வண்டியிலேயே போய் வந்துவிடலாம்.

அவரிடம் சொன்னேன். “நெசமாத்தான் சொல்றியா?” என்றார். ஆமாம் என்றேன். “அப்பப் போவோம்” என்றார். இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை.

அபிதாவுக்கு என் முத்தம்.

தங்கை
ராஜாத்தி

*

அல்லிநகரம்
22.7.2024

அக்காவுக்கு வணக்கம். உங்கள் மூவரின் சுகத்துக்கும் பதில் எழுதவும். எனக்குத் தலைவலி தவிர வேறொன்றும் இல்லை.

நேற்று போய்விட்டு வந்தோம். ஹால் வாசலில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றார். பெயர் வினோத்ராஜ். மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். முன்பு கடையைவிட பாரில்தான் அதிக நேரம் இருந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். வண்டியிலிருந்து நாங்கள் இறங்கியதும் நேராக இவரிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “வாங்கண்ணே. வந்துட்டீகள்ல, பாதிக் கிணறு தாண்டியாச்சு” என்றார். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் தோளில் கை வைத்து, “நீ இங்கிட்டு வா ஆத்தா. வீட்டுப் பொம்பளைகளுக்கு அந்த ரூம்பு” என்று அழைத்துப் போய்விட்டார்.

அவர் சாராள் டீச்சர். ஓய்வு பெற்றவர். அவர் கணவர் குடித்து, நிறுத்தி, பத்து வருஷம் நன்றாக வாழ்ந்து இறந்தாராம். பெரிய ஹாலில் குடிக்கிறவர்கள் உட்காருகிறார்கள். நடுவில் ஒரு நடை. எதிரே சின்ன அறையில் அவர்கள் வீட்டு ஆட்கள். நான் போனபோது ஆறேழு பெண்கள் இருந்தார்கள்.

சின்னமனூர்க்காரப் பெண் ஒருத்தி சொன்னாள்: “வாசல்ல செருப்பு கழட்டுற சத்தத்த வச்சே இன்னைக்கு எம்புட்டுன்னு சொல்லிருவேன். சாப்பாடு போடணுமா, இல்ல பக்கத்து வீட்டுக்கு ஓடணுமான்னு அந்தச் சத்தம்தான் முடிவு பண்ணும்.” இன்னொருத்தி, சிரிக்கவே பயமாயிருக்கிறது என்றாள். சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாய் என்று ஆரம்பித்துவிடுமாம்.

அக்கா, மின்விசிறிக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தேன். முதுகெல்லாம் வியர்த்து ரவிக்கை நனைந்துவிட்டது. ஒருத்தர் குடித்தால் கூட இருக்கிறவருக்கு என்ன ஆகும் என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

திரும்பி வரும்போது சின்னமனூர் தாண்டியதும் அவர், “அடுத்த வாரமும் போவோமா?” என்று கேட்டார். போவோம் என்றேன்.

ராஜாத்தி

*

திருப்பூர்
4.8.2024

என் ராசாத்திக்கு அக்கா எழுதுவது. இங்கே மழை. மாமாவின் முழங்கால் தேவலை. உன் தலைவலிக்கு டாக்டரைப் பார். கண்ணாடி போட வேண்டியிருக்கும். இரவெல்லாம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்?

உன் கடிதம் வந்த அன்று மெஸ்ஸில் எல்லோருக்கும் கேசரி போட்டேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பிச்சையம்மாளுக்கு மட்டும் தெரியும்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், கேள். வெறும் வயிற்றோடு அவரை இருக்க விடாதே. சாயங்காலம் ஆனதும் மோர், எலுமிச்சை ஜூஸ் ஏதாவது கையில் கொடு. இனிப்பு கேட்டால் கொடு. கோபப்பட்டால் பதிலுக்குக் கத்தாதே. பிச்சையம்மாள் தம்பி இப்படித்தான் மீண்டானாம். உனக்குப் பொறுமை குறைவு, அதனால் எழுதுகிறேன்.

அவர் கூட்டத்தில் என்ன பேசுகிறார்? ஏன் ஆரம்பித்தார், எப்போது ஆரம்பித்தார் என்று சொன்னாரா? கல்யாணமான புதிதில் தியேட்டரில் சோடா குடிக்கவே முகம் சுளித்த ஆள் அவர். எப்படி இதில் விழுந்தார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. மாமாவிடம் கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். “பாப்போம்” என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

விவரமாக எழுது.

முனீஸ்வரி

*

அல்லிநகரம்
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபப்படாதே. வீட்டில் எல்லோரும் நலமா? நீ கேட்டதற்கு எழுதுகிறேன்.

அவர் கூட்டத்தில் எதுவும் பேசுவதில்லை. ஒவ்வொருவராகப் பேசிக்கொண்டு வருவார்கள். இவர் முறை வரும்போது கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு அடுத்தவரைக் காட்டிவிடுவாராம். வினோத்ராஜ் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. “பேசுற நாள் வரும்ண்ணே. அதுவரைக்கும் நாங்க பேசுறதக் கேட்டாலே போதும்” என்றிருக்கிறார். நானும் எங்கள் அறையில் அதிகம் பேசவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடுவில் மூன்று வாரம் போக முடியவில்லை. நிறுத்திப் பார்த்ததில் உடம்பு மோசமாகிவிட்டது. கை நடுக்கம், வாந்தி, தூக்கமே கிடையாது. பல்லி ஓடினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. பிறகு மறுபடியும் வாங்க வேண்டியதாயிற்று. திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது, டாக்டரிடம் காட்டி மருந்தோடுதான் நிறுத்த வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொரு சங்கடம். கருத்தக்கண்ணன் அண்ணாச்சி தன் தக்காளி மண்டியில் அவருக்கு லோடு கொடுப்பதை நிறுத்திவிட்டார். வாரத்தில் பாதி நாள் வண்டி வாசலிலேயே நிற்கிறது. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியைக் கழுவுகிறார். கழுவியதையே மறுநாளும் கழுவுகிறார்.

வரும் ஞாயிறு கட்டாயம் போகிறோம்.

ராஜாத்தி

*

திருப்பூர்
20.9.2024

ராஜாத்திக்கு. சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ சாப்பிட்டாயா?

கருத்தக்கண்ணன் அண்ணாச்சி நம் மாமாவுக்குப் பழக்கமானவர் என்பது உனக்குத் தெரியும். போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போன மாதம்கூட உன் புருஷன் பட்டப்பகலில் கடையில் வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனதை அவர் கடைப் பையன்கள் பார்த்தார்களாம். “குடிச்சிட்டு ஓட்டுறவன் வண்டியில சரக்க ஏத்தி, வழியில எவன் மேலயாவது விட்டா யாரு பொறுப்பு?” என்று கேட்கிறார். நான் என்ன பதில் சொல்லட்டும்?

மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். தை நிச்சயத்துக்கு வேல்பாண்டி வரக் கூடாது. நீயும் சிம்ரனும் மட்டும் வாருங்கள். சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அதனால் எழுதுகிறேன். கூட்டத்துக்குப் போவதாக என்னை நம்பவைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வருகிற மனுஷனை என்ன செய்வது?

உன்னை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

முனீஸ்வரி

*

அல்லிநகரம்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு ராஜாத்தி எழுதுவது. நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை மெஸ் வேலை எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு படி.

குடிப்பது அவர் இல்லை. நான்.

என் பழைய கடிதங்களை எடுத்துப் பார். அவர் குடித்தார் என்று ஒரு இடத்தில்கூட எழுதியிருக்க மாட்டேன். நீ அப்படி நினைத்துக்கொண்டாய். ஊரும் நினைத்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் முகத்தில் மாமா காறித் துப்பாத குறையாகப் பேசியபோதும் நான் அடுப்பை ஊதிக்கொண்டுதான் இருந்தேன்.

கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போனேனே, அப்போது ஆரம்பித்தது. மழை, அட்டைப்பூச்சி, குளிர். மலையில் எங்கள் கூடக் காய் எடுத்த பெண்கள் உடம்பு வலிக்கு என்று ஒரு மூடி பிராந்தி கொடுத்தார்கள். நன்றாகத் தூக்கம் வந்தது. பெரிய காரணம் எதுவும் இல்லை அக்கா. சோகக் கதை கேட்பாய் என்று தெரியும். இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். பிறகு மலைக்குப் போவதை விட்டேன். அது என்னை விடவில்லை. ஒரு நாள் நானே முக்காடு போட்டுக்கொண்டு கடை வரிசையில் நின்றேன். நாலைந்து பேர் போனில் படம் எடுத்துச் சிரித்தார்கள். எதிரே லோடு இறக்கிவிட்டு வந்த இவர் பார்த்துவிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும், “இனிமே நீ அங்கன போய் நிக்காத. நான் வாங்கியாரேன்” என்றார். அன்றிலிருந்து வரிசையில் அவர் நிற்கிறார். குடிகாரன் என்ற பேரை அவர் வாங்கிக்கொண்டார். சிம்ரனுக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் அவள் ஊருக்கு வருவதில்லை.

ராயப்பன்பட்டிக்கு முதல் நாள் போனபோது, வாசலிலேயே உண்மையைச் சொல்லத்தான் நினைத்தேன். வினோத்ராஜ் இவர் கையைப் பிடித்துக்கொண்டார், டீச்சர் என்னை அழைத்துப் போனார். அப்படியே விட்டுவிட்டேன். குடிக்காத மனுஷன் குடிக்கிறவர்கள் நடுவில் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் எதிர் அறையில் பாதிக்கப்பட்ட பெண்டாட்டியாக உட்கார்ந்து டீ குடித்தேன்.

நேற்றும் அப்படித்தான் போனோம். அந்தச் சின்னமனூர்ப் பெண் பேசினாள். “வீட்டுக்காரரு மானத்தக் காப்பாத்தணும்னு ஊருக்கெல்லாம் பொய் சொல்லிச் சொல்லி, நான் யாருன்னே எனக்கு மறந்துபோச்சு டீச்சர்” என்றாள். எனக்கு அவள் குரல் கேட்கவில்லை. இவரே பேசுவது போலத்தான் கேட்டது. அடுத்து என் முறை. எழுந்து நின்றேன்.

“டீச்சர், நான் ரூம்பு மாறி உக்காந்திருக்கேன்.”

“என்ன ஆத்தா சொல்ற?”

“குடிக்கிறது எங்க வீட்டுக்காரரு இல்ல. நான்தான்.”

பக்கத்தில் இருந்தவள் தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாள், அதையும் பார்த்தேன். சாராள் டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து வந்து என் கையைப் பிடித்தார். “வா, போவோம்” என்றார். நடையைத் தாண்டி ஹாலுக்குள் கூட்டிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர் பதறி எழுந்து, “வேண்டாம் ராஜாத்தி” என்றார். நான் நிற்கவில்லை.

“என் பேரு ராஜாத்தி. நான் குடிக்கிறேன். நிப்பாட்டணும்னு வந்திருக்கேன். இத்தன நாளா எனக்காக இவரு இங்கன உக்காந்திருந்தாரு” என்றேன்.

கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். வினோத்ராஜ் ஓரத்தில் கிடந்த நாற்காலியை அவரே தூக்கி வந்து வட்டத்துக்குள் போட்டார். “உக்காருங்கக்கா. குடிக்கு ஆம்பள பொம்பளன்னு தெரியாது. நாங்கதான் தெரியாமப் போயிட்டோம்” என்றார்.

டீச்சர் இவரைப் பார்த்து, “வாங்க தம்பி, உங்க எடம் அந்தப் பக்கம்” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். அத்தனை பெண்களுக்கு நடுவே ஒற்றை ஆம்பளையாகப் போய் உட்கார்ந்தார். அங்கே அவர் பேசினார் அக்கா. நடை வழியாகக் குரல் கேட்டது, வார்த்தை புரியவில்லை. வெகுநேரம் பேசினார். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை. அங்கே பேசியது அங்கேயேதான் இருக்க வேண்டும்.

இன்று காலையில் டீச்சர் பஸ் ஏறித் தேனிக்கு வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் என் கை நடுங்குகிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் பயமாக இல்லை. உனக்கு எழுத உட்காரும்வரை இருந்த பயம்கூட இப்போது இல்லை.

திட்ட வேண்டும் என்றால் என்னைத் திட்டு. அவரைத் திட்டாதே.

ராஜாத்தி

*

அல்லிநகரம்
25.11.2024

மதிப்புக்குரிய மதினிக்கு வேல்பாண்டி வணங்கி எழுதுவது. நீங்களும் சகலையும் பாப்பாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் தங்கச்சி உங்களுக்கு எழுதி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உங்களிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் மிஷினை நிறுத்திவிட்டு வாசலைப் பார்க்கிறாள். போன் செய்யுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு வரி எழுதுங்கள் போதும்.

அவள் நன்றாக இருக்கிறாள். அன்றைக்கு அப்புறம் தொடவில்லை. மருந்து சாப்பிடுகிறாள். ஞாயிறு தவறாமல் போகிறோம். எந்த அறையில் உட்கார வேண்டுமோ அந்த அறையில் உட்காருகிறோம்.

நான் வாங்கிக் கொடுத்தது தப்பு என்று இப்போது தெரிகிறது. சாராள் டீச்சர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். அவள் நாலு பேர் நடுவில் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை.

இன்னொன்று. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் மதினி. ஊர் என்னைச் சொல்லிப் பழகிவிட்டது. எனக்கும் பழகிவிட்டது. அப்படியே இருக்கட்டும்.

இப்படிக்கு
வேல்பாண்டி

*

திருப்பூர்
6.12.2024

ராஜாத்திக்கு அக்கா எழுதுவது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? நடுக்கம் நின்றதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? மூன்றுக்கும் பதில் வேண்டும்.

எட்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன்மேல் கோபம் என்று நினைத்திருப்பாய். முதல் இரண்டு நாள் கோபம்தான். அப்புறம் வெட்கம். மோர் கொடு, எலுமிச்சை கொடு, பொறுமையாக இரு என்று உனக்கே பாடம் எடுத்திருக்கிறேன் பார். நீ அதைப் படித்துவிட்டு என்ன செய்தாய்? சிரித்தாயா, அழுதாயா?

உன் புருஷன் எழுதிய கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகுதான் இதை எழுதி முடிக்க முடிகிறது. அவர் என்ன எழுதினார் என்று கேட்காதே. நான் சொல்ல மாட்டேன்.

மாமாவிடம் நான் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை. அவரிடம் சண்டை போட்டு, “என் தங்கச்சி புருஷன் வராம எம் மகளுக்கு நிச்சயம் கிடையாது” என்று ஒரே பிடியாக நின்றேன். ஒத்துக்கொண்டார். ஆகவே மூன்று பேரும் வர வேண்டும். பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிறு.

ஆனால் அக்கா சொல்வதைக் கேள். நீ குணமாகிவிட்டாய். அது போதும். பழைய கதையை யாரும் கிண்ட வேண்டாம். ஆம்பளை குடித்தான் என்றால் ஊர் ஒரு நாள் பேசும், மறந்துவிடும். பொம்பளை என்றால் செத்தாலும் விடாது. மாப்பிள்ளை வீட்டார் வேறு வருகிறார்கள். உன் புருஷனுக்கும் அதில் சம்மதம்தான். வாயை மூடிக்கொண்டு வந்து, விருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

முனீஸ்வரி

*

அல்லிநகரம்
8.1.2025

என் அன்பு அக்காவுக்கு. உன் மூன்று கேள்விக்கும் பதில்: நன்றாக இருக்கிறது, நின்றுவிட்டது, சாப்பிடுகிறேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. நீ எழுதிய பாடத்தைப் படித்துவிட்டு நான் மோர் குடித்தேன். நல்ல யோசனைதான்.

நிச்சயத்துக்கு மூவரும் வருகிறோம். வாயை மூடிக்கொண்டு வர முடியாது அக்கா. ஏன் என்று சொல்கிறேன்.

போன வாரம் கருத்தக்கண்ணன் அண்ணாச்சி மண்டிக்கு நானே போனேன். ஏலம் முடிந்து சாக்குகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போவது இவருக்குத் தெரியாது. “என்னம்மா, லோடு கேட்டு வந்தியா? குடிகாரனுக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன்ல” என்றார்.

“அந்தக் குடிகாரி நான்தான் அண்ணாச்சி. அவரு வாங்கிட்டுப் போனது எனக்கு. அவரு நாக்குல ஒரு சொட்டு பட்டதில்ல. இப்ப நானும் நிப்பாட்டிட்டேன்” என்றேன்.

கடைப் பையன்கள் சாக்கைத் தூக்கியபடி நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இத இத்தன பேரு முன்னால சொல்றியே, உனக்கு வெக்கமா இல்லையா?” என்றார். “இம்புட்டு நாளும் சொல்லாம இருந்ததுக்குத்தான் வெக்கம்” என்றேன். மறுநாள் விடியுமுன் இவருக்குப் போன் வந்துவிட்டது, கொச்சிக்கு லோடு. நான் மண்டிக்குப் போனதை யாரோ இவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். “ஏன் ராஜாத்தி இப்படிப் பண்ணுன?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்கு முன்பே போய்விட்டார். ஆனால் வண்டி தெருமுனை திரும்பும்போது ஹாரன் அடித்தார். அவர் தெருவில் ஹாரன் அடித்து நான் கேட்டதே இல்லை.

தெருவில் பேசுகிறார்கள்தான். ஜாக்கெட் தைக்கக் கொடுத்த இரண்டு பேர் துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் வருகிறார்கள். நான் தைக்கிற தையல் நேராகத்தான் இருக்கிறது, முன்னைவிட.

இன்னொரு செய்தி. போன ஞாயிறு ஹாலுக்கு ஒரு பெண் வந்தாள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போகிறவள். வாசலிலேயே நின்றாள். உள்ளே ஆண்களாக இருப்பதைப் பார்த்துத் திரும்பப் போனவள், என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “இங்கன உக்காரு” என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினேன். உட்கார்ந்தாள். அன்றைக்கு எழுந்து வெளியே போன மனிதரும் இப்போது திரும்பி வருகிறார். அவர் வீட்டிலும் என்னைப் போல ஒருத்தி இருக்கிறாளாம், அதனால்தான் அன்று உட்கார முடியவில்லை என்றார்.

சிம்ரன் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.

ஆகவே மாமாவிடம் நானே சொல்வேன். உன்னைக் கேட்டு அனுமதி வாங்கவில்லை. தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன். பயப்படாதே.

ராஜாத்தி

*

திருப்பூர்
5.2.2025

என் தங்கை ராஜாத்திக்கு, முனீஸ்வரி எழுதுவது. நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சிம்ரன் போனில் சொன்னாள். எனக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது சரியாகிவிட்டது.

நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததை எழுதுகிறேன், அதற்கு முன் நிச்சயத்தன்று என் மனசில் இருந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாமா, “அவனத் தட்டத் தொட விடாதீக” என்று சொன்னபோது நான் பந்தி இலையை எண்ணுகிற மாதிரி நின்றேன். உன்னைப் போலத்தான் அடுப்பை ஊதினேன் என்று வைத்துக்கொள். நீ அவர் கையிலிருந்து தாம்பூலத் தட்டை வாங்கி, உன் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, “மாமா, குடிச்சது நான். எனக்காகத்தான் இவரு உங்ககிட்டயும் ஊர்கிட்டயும் பேச்சு வாங்குனாரு. இனிமே வாங்க மாட்டாரு” என்று சொன்னபோது நிச்சயம் நின்றுபோகும் என்றே நினைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா, “தட்டு மாத்துற நேரம் போகுது. அந்தத் தம்பியே கொண்டாரட்டும்” என்றார். அதற்கு மேல் அவர்கள் வீட்டில் இன்றுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. அபிதா உன்னைக் கட்டிக்கொண்டதை நீயே பார்த்தாய்.

மாமாதான் எழவில்லை. உங்களை வழியனுப்பவும் வாசலுக்கு வரவில்லை. உனக்கு வருத்தமாக இருந்திருக்கும். பந்தல்காரர்கள் நாற்காலிகளை அடுக்கியபோதுகூட ஒரு நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டேன். “வீரபாண்டியில அவன் கைய எப்படிப் பிடிச்சு இழுத்தேன், நீ பாத்தேல்ல?” என்றார். ஆமாம் என்றேன். “ஒரு வார்த்த சொல்லலையே அவன்” என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

இன்று விடிந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தேனி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் எதற்கு, போனில் பேசலாமே என்றேன். “நாலு பேரு முன்னால பேசுனத போன்ல எப்படிடி திருப்பி எடுக்கிறது?” என்று கேட்டார்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அவர் பையில்தான் வைத்திருக்கிறேன், உங்கள் தெருப் பிள்ளை யாரிடமாவது கொடுத்து உள்ளே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவராகக் கதவைத் தட்ட மாட்டார், வாசலிலேயே நிற்பார், எனக்குத் தெரியும். நீ போய் எட்டிப் பார். பார்த்ததும் உன் புருஷனைக் கூப்பிட்டு வெளியே அனுப்பு. அவர்கள் இருவரும் தெருவிலேயே பேசிக்கொள்ளட்டும், உங்கள் தெரு முழுவதும் பார்க்கட்டும். நீ உள்ளேயே இருந்து காபி போடு. இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே வருவார்கள்.

உன் அக்கா
முனீஸ்வரி